தேம்ஸ் கரையில் படகுத்துறை அமைக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

எங்கள் வீட்டுத் தோட்டம் தேம்ஸ் ஆற்றில் முடிகிறது. படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் மதகான டெடிங்டன் லாக்கிற்கு மேலே, கடலின் வற்றுப்பெருக்கு எட்டாத பகுதி அது. சென்ற ஆண்டு அங்கே ஒரு சிறிய படகைக் கட்டிவைக்க, ஆற்றடியில் அடித்த தறிகள் (கம்பங்கள்) பிடித்துநிற்கும் மிதவை மேடை போட எண்ணி, ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தினேன். “கரை உங்களுடையது, ஆற்றின் நடுவரை அடிநிலமும் உங்களுடையது, உங்கள் நிலத்தில் தறி அடிக்க யாரைக் கேட்க வேண்டும், ஐயா? கேட்க வேண்டியிருந்தாலும் அதை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நம்பி, 6,000 பவுண்டு முன்பணம் கொடுத்தேன்.

நிலத்தைப் பற்றி அவர் சொன்னது பொதுவாகச் சரி. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் அடிநிலம் நமதாக இருப்பது வேறு, அதன்மேல் ஓடும் ஆற்றில் கட்டுமானம் வைக்கும் உரிமை வேறு. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கிரிக்லேடு ஊர் முதல் டெடிங்டன் வரை படகுப் போக்குவரத்தை நிர்வகிப்பது இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை. அங்கே தறியோ மேடையோ எதை ஆற்றில் வைத்தாலும் அதனிடம் உரிமம் பெற்று ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். அத்துடன், தேம்ஸ் போன்ற பிரதான ஆற்றின் கரையிலிருந்து 8 மீட்டருக்குள் செய்யும் வேலைகளுக்கு, விலக்கு அளிக்கப்பட்ட சிறு வேலைகள் நீங்கலாக, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வெள்ள அபாய அனுமதி வேண்டும். இடத்தைப் பொறுத்துக் கவுன்சிலின் திட்டமிடல் அனுமதியும் தேவைப்படலாம். சொந்தக் கரையில் கட்டியிருந்தாலும் படகைப் பதிவு செய்தாக வேண்டும். டெடிங்டனுக்குக் கீழே இருப்பவர்கள் உரிமத்துக்கு லண்டன் துறைமுக அதிகார சபையிடம் போக வேண்டும். வற்றுப்பெருக்குள்ள அந்தப் பகுதியில் 8 மீட்டர் 16 மீட்டராகிறது.

இவை எதற்கும் அவர் விண்ணப்பிக்கவில்லை. நான்கு இரும்புத் தறிகளை இரண்டே நாளில் அடித்து, மேடையைப் பூட்டிவிட்டுப் போனார். வேலையும் மோசம். ஆற்றுநீர் ஏறும்போது மிதவை மேடை தறிகளில் மாட்டிய வளையங்கள் வழியாக மேலே எழும்பும். தறி குட்டையாக இருந்தால் மேடை அதன் உச்சியைத் தாண்டிக் கழன்று, படகோடு சேர்த்து ஆற்றோடு போய்விடும். பக்கத்து வீட்டுச் செங்கல் சுவரில் 2014 பெப்ரவரி வெள்ளம் விட்டுச்சென்ற கறை என் இடுப்பளவில் இருக்கிறது; என் தறிகளின் உச்சியோ முழங்காலுக்குக் கீழே நின்றது. குளிர்கால மழையில் லாக்குகளில், நீரோட்டம் ஆபத்தான வேகத்தில் இருப்பதை எச்சரிக்கும் சிவப்புப் பலகை ஏறிய ஓர் இரவு, வளையத்துக்கு மேலே ஒரு சாண் இரும்புதான் மிச்சமிருந்தது. நானும் மனைவியும் விடியும்வரை கைவிளக்கோடு கரையில் நின்றோம்.

அடுத்த மாதம், உரிமம் இல்லாத கட்டுமானத்தை அகற்றும்படி கடிதம் வந்தது. ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். விலைப்புள்ளியின் பின்பக்கம், கடைசி வரியில், “அனுமதிகள் அனைத்தும் வாடிக்கையாளர் பொறுப்பு” என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி கிடையாது. தறிகளைப் பிடுங்க வேறொருவருக்குக் கூலி கொடுத்தேன்.

முன்பணம் கேட்பவரிடம், உரிமமும் வெள்ள அபாய அனுமதியும் உங்கள் பெயரில் கைக்கு வந்த பிறகே முதல் தறி அடிக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தறியின் உச்சி 2014 வெள்ள மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கும் என்பதை வரைபடத்தில் அளவோடு காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் ஒரு பவுண்டும் கொடுக்காதீர்கள்.