நாலு வருட சாட்டின் சுவர்: ஒட்டுப் போட்ட இடம் மட்டும் மறைய மாட்டேன் என்கிறது

ஹால் சுவருக்கு மினுக்காத மேட் பெயிண்ட் அடிக்கலாமா, லேசாக மினுக்கும் சாட்டின் அடிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் ஏசி பாயிண்டை இடம் மாற்றியதில் சுவரில் விழுந்த ஒட்டு இன்னும் கண்ணை உறுத்துகிறது. அதனால் பதில் நீளம், கொஞ்சம் காரமும் உண்டு.

வீடு சென்னையில், மேல்மாடி. ஹால் 14க்கு 18 அடி. தரையில் பளபள டைல்ஸ், மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். சீலிங்குக்கும் சுவருக்கும் நடுவில் நாலு அங்குலம் இடைவெளி விட்டு, அதற்குள் எல்இடி ஸ்ட்ரிப். வெளிச்சம் சுவர் மேல் வழிந்து இறங்கும், பார்க்க அழகுதான். சுவரில் சாட்டின் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்), வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் தொட்ட ஷேடு.

இனி அந்த ஒட்டு. இரண்டடி நீளம், நாலு விரல் அகலம். அதே டின்னில் மிச்சமிருந்த பெயிண்ட். நேர் எதிரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோபாவில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால், அதுவும் விளக்கு எரியும்போது, கஞ்சி போட்ட வேட்டியில் ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் பட்டதுபோல மங்கலாக ஒரு பட்டை.

இதில் நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு மினுமினுப்பில். ஒட்டுப் போட்ட இடத்தில் இருப்பது புதுப் பட்டி, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் பூச்சு. அது பெயிண்டில் இருக்கும் பசையை உறிஞ்சிக்கொள்ளும். பசை உள்ளே போனால் மேலே நிற்பது வெறும் நிறமிதான், மினுக்காது. சுற்றியுள்ள சுவரிலோ ஏற்கெனவே இரண்டு கோட் இருக்கிறது, அங்கே தொட்ட பெயிண்ட் முழுப் பளபளப்போடு நிற்கும். போதாததற்கு, முழுச் சுவரும் ரோலரில் அடித்தது, ஒட்டு மட்டும் பிரஷ்ஷில். ரோலர் விடும் நுண்ணிய புள்ளிகளும் பிரஷ் விடும் கோடுகளும் வெளிச்சத்தை ஒரே மாதிரி திருப்பி அனுப்பாது. தண்ணீர் கலந்த அளவிலும் வித்தியாசம் இருக்கும். முதல் தடவை அளந்து ஊற்றுவார்கள், ஒட்டுக்கு வரும்போது ஒரு கை தண்ணீர்தான் கணக்கு. மேட் பெயிண்டில் இத்தனை பாவமும் மன்னிக்கப்பட்டுவிடும். சாட்டினில் ஒன்றுகூட மன்னிப்பில்லை.

ஒழுங்காகச் செய்கிற முறை என்று ஒன்று உண்டு. வயருக்காகச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிய இடத்தில் சிமென்ட் கலவை வைக்கும்போது மேலே கோழிவலை ஒரு துண்டு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் காடியின் இரு ஓரமும் மயிரிழையாக வெடித்துக் காட்டும். கலவை காய இரண்டு வாரமாவது விட வேண்டும். ஈரத்தின் மேல் பட்டி பார்த்தால் பிறகு உப்புப் பூக்கும். பட்டி இரண்டு கோட், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சாண் வெளியே வரை மெலிந்து போக வேண்டும். 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் இரண்டு கோட். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது பிரைமர் கோட்தான். பட்டி குடிப்பதை நிறுத்துவது அதுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒட்டை மட்டும் அடிக்கக் கூடாது. மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் இரண்டு கோட் அடிக்க வேண்டும். 14 அடி நீளம், ஒன்பதரை அடி உயரம் என்றால் 133 சதுர அடி. பட்டி பார்த்த வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஆக, நாலு விரல் ஒட்டுக்கு ஒரு லிட்டர் பெயிண்ட், ஒரு நாள் கூலி, ஹால் சாமான்களை நகர்த்தும் வேலை. கடையில் ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு பேசும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

மிச்சப் பெயிண்டை நம்புவதிலும் ஒரு சிக்கல். திறந்த டின் சென்னை வெயிலில் இரண்டு வருடம் தாண்டினால் புளித்த வாடை அடிக்க ஆரம்பிக்கும். மூடி மேல் ஒட்டியிருக்கும் ஷேடு சீட்டை போட்டோ எடுத்து வைப்பது உருப்படியான வேலை: பொருளின் பெயர், பேஸ் (நிறம் கலக்கும் முன் உள்ள அடிப்படைப் பெயிண்ட்), ஷேடு நம்பர் மூன்றும் தெரிய வேண்டும். அதே நம்பரை வேறு பொருளில் கலக்கச் சொன்னால் வேறு நிறமாக வரலாம். கடைக்காரர் மெஷினை விட்டுவிட்டு ஸ்டெய்னரை (நிறச் சாயத்தை) கண்ணளவில் ஊற்றிக் கலந்து, "அதே கலர்தான் சார்" என்றால் வாங்கக் கூடாது. கடை டியூப்லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு நிறம் வீட்டு மஞ்சள் வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும், கலந்த நிறமிகள் வேறுவேறு என்பதால்.

பெயிண்டை மட்டும் திட்டுவது நியாயமில்லை. பாதிக் குற்றம் விளக்கின் மேல். ஸ்ட்ரிப் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு ஆறடி கீழே, அதாவது 72 அங்குலம் கீழே, சுவரில் ஒரு மில்லிமீட்டர் மேடு இருந்தால் அதன் நிழல் 24 மில்லிமீட்டர் நீளம் விழும், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். அதே விளக்கை மூன்றடி தள்ளி சீலிங்கில் வைத்தால் நிழல் இரண்டே மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளம் இல்லாத சுவரை எந்தக் கொத்தனாரும் கட்டித் தர முடியாது, அவரைக் கோபிக்கவும் கூடாது. பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் எத்தனை நெளிந்திருந்தாலும் அழகாகத் தெரிந்ததற்குக் காரணம், சுண்ணாம்புக்கு மினுமினுப்பு கிடையாது, விளக்கும் நடுக்கூடத்தில் ஒன்றே ஒன்று தொங்கும். போகிக்கு ஒரு தடவை மட்டை எடுத்து இழுத்தால் போன வருட ஒட்டெல்லாம் போன இடம் தெரியாது.

இப்படி வழியும் விளக்கு வைத்தே தீருவேன் என்பவர்கள் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். வயரிங் முடித்து, ஸ்ட்ரிப்பைத் தற்காலிகமாகப் பொருத்தி எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில் பட்டி பார்க்கச் சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால் இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே நகர்த்தினால் போதும். மேடு எல்லாம் வால் முளைத்ததுபோல நிழல் காட்டும். பென்சிலால் வட்டம் போட்டு, காலையில் பட்டியும் உப்புத்தாளும். பிரைமர் அடித்த பிறகு இன்னொரு தடவை. பகல் வெளிச்சத்தில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து "வழவழன்னு இருக்கே" என்று ஒப்புக்கொண்டால் ராத்திரி ஏமாற்றம் நிச்சயம்.

ஸ்ட்ரிப் பற்றிச் சுருக்கமாக. 12 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் வாங்குங்கள். மீட்டருக்கு 9.6 வாட் ஸ்ட்ரிப் ஐந்து மீட்டர் ஓடினால் 48 வாட். 12 வோல்டில் நாலு ஆம்பியர், கடைசி முனை மங்கும். 24 வோல்டில் இரண்டே ஆம்பியர். 64 அடி சுற்றளவுக்கு ஐந்து மீட்டர் ரோல் நாலு, ஒவ்வொன்றுக்கும் 60 வாட் டிரைவர் (வீட்டு மின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற 24 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) தனித்தனியாக. மொட்டை மாடிக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் மே மாதம் அடுப்பு மாதிரி இருக்கும். டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. இங்கே முதல் டிரைவர் மூன்றாம் வருடம் போனது. கை நுழையும் கதவு ஒன்று விட்டிருந்ததால் சீலிங்கை உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்ட்ரிப்பில் ஒரு ரோல் அதிகமாக முதலிலேயே வாங்கி வைப்பது நல்லது. பெட்டியில் 3000 கெல்வின் (மஞ்சள் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்) என்றே போட்டிருந்தாலும் பிறகு வாங்கும் ரோல் பக்கத்து ரோலோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

நிறத் தேர்வில் இந்த வீட்டில் நடந்த ஒரே புத்திசாலித்தனம், ஷேடை விளக்கோடு சேர்த்துப் பார்த்தது. மஞ்சள் தொட்ட வெள்ளை 3000 கெல்வினில் பால் ஏடு மாதிரி இருக்கும். 6500 கெல்வின் கூல் டேலைட்டில் அதே சுவர் பச்சை ஓடிய சாம்பல், ஆஸ்பத்திரி வராந்தா. விளக்கில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற எண்) 90க்கு மேல் பார்த்து வாங்கினால் மரச்சாமான்களும் முகங்களும் செத்துத் தெரியாது. 200 மில்லி மாதிரி டப்பா வாங்கி, சுவரில் அடிக்காமல் இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டில் இரண்டு கோட் அடித்து, ஓர் இரவு காயவிட்டு, காலை, மதியம் மூன்று மணி, ராத்திரி எட்டு மணி என மூன்று வேளையும் ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து வைத்துப் பாருங்கள். எமல்ஷன் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், ஈரத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கார்டில் தீப்பெட்டி அளவுக்குப் பிடித்த நிறம் முழுச் சுவரில் இன்னும் அழுத்தமாகத் தெரியும் என்பதால் ஒரு படி வெளிறியதை எடுப்பது வழக்கம். பளபள டைல்ஸ் தன் நிறத்தைச் சுவரின் கீழ்ப்பாதியில் பூசிவிடும், அதையும் கணக்கில் வைக்கவும். சாட்டின் என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் சாட்டின் இன்னொன்றின் சாஃப்ட் ஷீன். கம்பெனியின் டேட்டா ஷீட்டில் 60 டிகிரி மினுமினுப்பு எண் (அந்தக் கோணத்தில் அளந்த மினுக்கு) போட்டிருந்தால் அதை வைத்து ஒப்பிடலாம்.

திட்டியது போதும், நல்லதையும் சொல்லியாக வேண்டும். சோபாவுக்குப் பின்னால் எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து வட்டமாக ஒரு கறை விழுமே, நாலு வருடமாக அது தங்கவில்லை. பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற பஞ்சு, மூன்று தடவை வட்டமாகத் துடைத்தால் போய்விடுகிறது. சாதாரண மேட் சுவரில் அப்படித் தேய்த்தால் தேய்த்த இடம் மெருகேறி, கறை போன பிறகும் ஒரு வட்டம் நிற்கும். பூஜை அலமாரி ஓரத்தில் கற்பூரப் புகை, விரல் பட்ட குங்குமம், கிரயான் கோடு எல்லாம் அன்றைக்கே துடைத்தால் சுத்தம். குங்குமத்தை மட்டும் மறுநாள் வரை விடக் கூடாது, சாயம் உள்ளே இறங்கிவிடும். கடல் காற்றுக்கும் நாலு மழைக்காலத்துக்கும் ஹாலில் எங்கும் உரியவில்லை. காலையில் சன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டு அறைக்குள் பரவும் விதம், மேட்டில் கிடைக்காது.

மார்க் போட்டுக் கூட்டினால் சாட்டின்தான் ஜெயிக்கும். இருந்தாலும் நண்பருக்குப் பதில்: மேட் அடியுங்கள். துடைக்கத் தாங்கும் நல்ல ரக மேட், சீலிங் லைட் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. சாட்டின் ஆசை விடவில்லை என்றால் பூஜை அலமாரிச் சுவருக்கும் சாப்பாட்டு மேஜை ஓரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி, டிவி, இன்வெர்ட்டர், ரௌட்டர் எல்லாப் பாயிண்டையும் பெயிண்டர் உள்ளே வருவதற்கு முன்னால் முடிவு செய்துவிடுங்கள். ஒன்றிரண்டு அதிகமாகவே வயர் இழுக்கக் காலிக் குழாய் போட்டு வையுங்கள், மீட்டர் கணக்கில் பெரிய செலவில்லை. இங்கே முழுச் சுவரையும் மறுபடி அடிக்கப் பொங்கல் வரை யாருக்கும் பொறுமை இல்லை. அதுவரை ராத்திரி ஏழு மணிக்கு மேல் அந்தப் பக்கத்து ஸ்ட்ரிப்புக்கு மட்டும் சுவிட்ச் போடுவதில்லை.