விம் எடிட்டர்: சில வருடம் ஓட்டிய பின்

நிரலையும் உரைக் கோப்புகளையும் எழுதித் திருத்த உதவும் விம் என்றதும் எல்லோரும் கேட்பது, "அதிலிருந்து வெளியே வருவது எப்படி?" எஸ்கேப், முக்காற்புள்ளி, கியூ, எண்டர். சேமிக்காமல் வெளியேற கியூவுக்குப் பின் ஒரு ஆச்சரியக்குறி. சேமித்துவிட்டு வர டபிள்யூ, கியூ. அவ்வளவுதான்.

நிஜமான சிரமம் வேறு. திறந்தவுடன் தட்டினால் எழுத்து விழாது, ஏனென்றால் அது நார்மல் மோடில் நிற்கிறது, அங்கே ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. ஐ தட்டி இன்சர்ட் மோடுக்குப் போய் எழுத வேண்டும், முடிந்ததும் எஸ்கேப். முதல் சில நாள் இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நிரல் எழுதுபவர் நாள் முழுக்கப் புதிதாகத் தட்டிக்கொண்டா இருக்கிறார்? படிப்பது, தாவுவது, திருத்துவதுதான் பெரும்பாடு. அந்த வேலைக்கான மோடில்தான் விம் காத்திருக்கிறது.

எச், ஜே, கே, எல் விசைகளால் நகர்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பில் ஜாய் 1976இல் விம்மின் மூதாதையான வி-ஐயை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த அந்தக்காலக் கருவி) அந்த நான்கு விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப்பும் இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. இப்போது அது மூலைக்குப் போய்விட்டதால், கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றி வைத்திருக்கிறேன். (கேப்ஸ் லாக்கை யார்தான் தேடுகிறார்கள்?) உண்மையைச் சொன்னால் அந்த நான்கு விசைகளை நான் அதிகம் தொடுவதில்லை. தேடுவதற்கான சாய்கோடு போட்டு இரண்டு மூன்று எழுத்து தட்டி எண்டர் கொடுத்தால் வேண்டிய இடத்துக்கே போய்விடலாம்.

என்னைப் பிடித்து வைத்தது கட்டளைகளைக் கோக்கும் முறை. டி (d) என்றால் நீக்கு, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகலெடு. இவற்றின் பின்னால் எதை என்று சொல்ல வேண்டும்: டபிள்யூ சொல், டாலர் குறி வரிக் கடைசி வரை. ஒரு வரியில் மேற்கோளுக்குள் "வணக்கம்" என்று இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். கர்சர் அதற்குள் எங்கே இருந்தாலும் சரி, சி, ஐ (இங்கே 'உள்ளே' என்று பொருள்), இரட்டை மேற்கோள் தட்டினால் உள்ளே இருப்பது மட்டும் காலியாகி இன்சர்ட் மோட் வந்துவிடும். புதியதை எழுதி எஸ்கேப். அப்புறம் அதே மாற்றம் வேண்டிய இன்னொரு வரிக்குப் போய் முற்றுப்புள்ளி ஒன்றைத் தட்டினால், எழுதிய சொல் உட்பட முழுத் திருத்தமும் அங்கே நடக்கும். புதிதாக ஒரு வினையைக் கற்றால் தெரிந்த எல்லாவற்றோடும் சேர்கிறது. மனப்பாடம் குறைவு.

வேகம் கூடியதா என்றால், பெரிதாக இல்லை. யோசிக்கும் நேரத்தை எந்த எடிட்டரும் குறைக்காது. மவுஸைத் தேடிக் கை போவது நின்றது, அது போதும்.

இன்னும் உறுத்துவது ஒன்று. நகலெடுத்த சொல்லை ஒட்டும் முன் வேறொன்றை நீக்கினால், ஒட்டுவதற்கான பி (p) தட்டியதும் நீக்கியதுதான் வந்து விழும். இரட்டை மேற்கோள், பூஜ்யம், பி என்று தட்டினால் நகலெடுத்தது கிடைக்கும். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

தொடங்குபவர்கள் விம்ட்யூட்டர் (vimtutor) கட்டளையை ஓட்டுங்கள். அரை மணி நேரப் பாடம், பாடக் கோப்பையே திருத்தித் திருத்திக் கற்கலாம். பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) குவிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுவதுதான் சிக்கல். கணினியின் தமிழ் விசைப்பலகை இயங்கும்போது எஸ்கேப் தட்டி டி அழுத்தினால் தமிழ் எழுத்துதான் போகும், விம்முக்கு ஒன்றும் புரியாது. விம்முக்குள்ளேயே கீமேப் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) வைத்தால் இன்சர்ட் மோடில் மட்டும் தமிழ் வரும், நார்மல் மோட் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஆனால் கை பழகிய தட்டச்சு முறையை அதில் அப்படியே கொண்டுவருவது தனி வேலை. அதனால் நிரலுக்கு விம், தமிழ்க் கட்டுரைக்கு இன்றும் சாதாரண எடிட்டர்தான்.