ஏழு மணி ஆகட்டும் தம்பி (தேக்கா மினிமார்ட் ரிவியூ)

சிங்கப்பூர்ல தேக்கான்னு நாம சொல்ற லிட்டில் இந்தியாவுல, டன்லப் ஸ்ட்ரீட் பக்கத்து சந்துல இருக்குற மினிமார்ட், பேரு போடல, கடைக்காரருக்கு நம்மளால எதுக்கு வம்பு. 24 மணி நேரமும் திறந்திருக்கும், இட்லி மாவுல இருந்து போன் கார்டு வரைக்கும் எல்லாம் உண்டு.

எனக்கு நைட் ஷிப்ட். ஊருக்கெல்லாம் சனிக்கிழமை ராத்திரி முடிஞ்சு விடியுறப்போதான் எனக்கு ஆறு மணிக்கு வேலை விடும், ரெண்டு டைகர் பீர் வாங்கிட்டு ரூமுக்குப் போய் குளிச்சுட்டு குடிச்சுட்டு படுத்துடலாம்னு போன ஞாயித்துக்கிழமை கடைக்குள்ள நுழையுறேன், மணி 6.48. பீர் ஃப்ரிட்ஜ் கைப்பிடில சைக்கிள் செயின் சுத்தி பூட்டு, அதுக்கு மேல தமிழ்லயும் பெங்காலிலயும் கையால எழுதி ஒட்டின பேப்பர். பக்கத்து ஃப்ரிட்ஜ்ல மோர், சோயா பீன் எல்லாம் ஹாயா இருக்கு, அதுக்குப் பூட்டு இல்ல.

"அண்ணே, பன்னெண்டு நிமிஷம்தானே"ன்னேன். "ஏழு மணி ஆகட்டும் தம்பி, மாட்டுனா பத்தாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஃபைன், நீ கட்டுவியா?"ன்னாரு. கட்டமாட்டேன். அவர் மேல தப்பே இல்ல, 2015 ஏப்ரல்ல இருந்து சிங்கப்பூர் பூரா ராத்திரி 10.30ல இருந்து காலைல 7 வரைக்கும் கடையில சரக்கு வாங்கிட்டுப் போக முடியாது. 2013 டிசம்பர் 8 ராத்திரி இதே வட்டாரத்து ரேஸ் கோர்ஸ் ரோட்ல நடந்த கலவரத்துக்கு அப்புறம்தான் குடிக்கு இவ்வளவு கெடுபிடி, மேல ப்ளாக்ல குடியிருக்குறவங்க குடிகாரங்களால பட்ட பாட்டையும் நான் இல்லன்னு சொல்லல. ஆனா ராத்திரி பூரா கூத்தடிச்சவனுக்குப் போட்ட கடிகாரம், ராத்திரி பூரா வேலை பாத்தவனையும் சேத்து நிறுத்தி வைக்குதே, அதான் கடுப்பு.

நின்ன நேரத்துல இட்லி மாவு, முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய்னு பதினோரு வெள்ளிக்கு வாங்கிட்டேன், எனக்கென்னமோ கடைக்காரருக்கு அந்தப் பூட்டுதான் நல்ல சேல்ஸ்மேன். சரியா ஏழுக்கு செயினைக் கழட்டி, கேட்காமலே அடியில இருந்து ஜில்லுனு ரெண்டு கேன் எடுத்துக் குடுத்தாரு. அந்த மனசுக்கே நாலு ஸ்டார்.

வாங்கியாச்சு, ஆனா அங்க திறக்க முடியாது. லிட்டில் இந்தியா வட்டாரத்துல சனிக்கிழமை காலை 7ல இருந்து திங்கக்கிழமை காலை 7 வரைக்கும் வெளியில பொது இடத்துல குடிச்சா ஆயிரம் வெள்ளி வரைக்கும் ஃபைன். அதனால பையில போட்டு பஸ் ஏறி ரூம் வர்றதுக்குள்ள கேன் வேர்த்து முறுக்கு பாக்கெட் நமுத்துப் போச்சு, பீரும் வெதுவெதுன்னு ஆயிடுச்சு.

வெள்ளிக்கிழமையே வாங்கி வச்சுக்கோயேன்னு சொல்வீங்க. இந்த வாரம் அப்படித்தான் வாங்கி ரூம் ஃப்ரிட்ஜ்ல வச்சேன். காலைல வந்து பாத்தா ரெண்டு கேனும் குப்பைக்கூடையில கிடக்கு, ரூம்ல இருந்தவனுங்க குறட்டை விட்டுட்டு இருக்கானுங்க.