நேவா நதிக்கரையில் கிராசின்: பெயருக்காகவே ஏற வேண்டிய கப்பல்

கப்பல் எஞ்சின் அறைகளில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தவன் நான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனபோது அரண்மனைகளுக்கு முன்பாக லெப்டினன்ட் ஷ்மிட் கரைச்சாலைக்குத்தான் போனேன். அங்கேதான் 'கிராசின்' என்னும் பனி உடைப்புக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது.

பெரும்பாலோர் 1928ஆம் ஆண்டுக் கதைக்காக வருகிறார்கள். வட துருவப் பகுதியில் விழுந்த 'இத்தாலியா' ஆகாயக் கப்பலில் பிழைத்தவர்களைப் பனியிலிருந்து மீட்டது இந்தக் கப்பல்தான். நான் போனதோ கப்பலின் பெயருக்காக. ரஷ்யப் பொறியாளரான லியோனிட் கிராசின் என்னைப் போல் இயந்திரங்களோடு வாழ்ந்த மனிதர். இன்றைய அஜர்பைஜானிலுள்ள பாகு நகரில் மின்நிலையம் கட்டினார். அதே காலத்தில் புரட்சிக்காரர்களின் ரகசிய அச்சகத்திற்கும் துணை நின்றார். பிறகு ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை. சோவியத் அரசுக்கு அயல்நாட்டு வணிகம் தேவைப்பட்டபோது, முதலாளிகளின் கணக்கும் மொழியும் தெரிந்த ஆளாக அவர் இருந்தார்.

1920 மே மாதம் லண்டனில் பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்திக்கச் சென்றார். அறையில் இருந்த பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபு கைகுலுக்கத் தயங்கி நின்றார். நீட்டிய கையோடு காத்திருந்த அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு இறுகுகிறது. பிரதமர் சொன்ன பிறகே கர்சன் கை கொடுத்தார். கிராசின் கோபித்துக்கொண்டு திரும்பவில்லை, மாதக்கணக்கில் பேசினார். 1921 மார்ச் 16 அன்று வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. சோவியத் அரசுக்கு முறையான அங்கீகாரத்தை பிரிட்டன் 1924இல்தான் வழங்கியது. வணிகம் மூன்று ஆண்டு முந்திக்கொண்டது.

இந்தக் கப்பலும் அவர் பேசி மீட்டதுதான். நியூகாசிலில் கட்டப்பட்டபோது இதன் பெயர் 'ஸ்வியதகோர்'. 1918இல் பிரிட்டிஷ் படையைத் தடுக்க வட ரஷ்யாவின் வட திவினா ஆற்று முகத்தில் சோவியத் தரப்பினரே இதை மூழ்கடித்தார்கள். பிரிட்டிஷார் தூக்கியெடுத்துத் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அதைத் திரும்பப் பெற்றுத் தந்தவர் கிராசின். 1926 நவம்பரில் லண்டனிலேயே, தூதராகப் பணியில் இருந்தபோது இறந்தார், வயது 56. மறு ஆண்டு கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் சூட்டலை நான் அறியேன்.

உள்ளே பார்ப்பது எல்லாம் பழையது என்று எண்ண வேண்டாம். 1950களில் கிழக்கு ஜெர்மனியில் பெரிய அளவில் மாற்றிக் கட்டப்பட்டது. நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. ஆனாலும் எஞ்சின் அறையைத் தவறவிடாதீர்கள். அதற்கான சுற்று எந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஏணிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். ரஷ்ய மொழி தெரிந்த ஒருவர் உடன் வந்தால் மிக நல்லது.

இறங்கியதும் கரையிலிருந்து முன்பக்கத்தைப் பாருங்கள். மற்றக் கப்பல்கள் போல் நீரைக் கிழிக்கும் வடிவம் அன்று. பனிமேல் ஏறி, தன் எடையால் அதை நொறுக்குவதற்கான சரிவு. அதற்கு மேலே ஆறு ரஷ்ய எழுத்துகளில் அவர் பெயர்.