எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் குரூப்பில்? சர்வர் முடிவு செய்வதா, கம்ப்யூட்டரே முடிவு செய்வதா

2014 மே மாதம், அமெரிக்காவில் அட்லான்டாவில் இருக்கும் எமரி பல்கலைக்கழகத்தில் ஒரு விண்டோஸ் 7 இமேஜ் (டிஸ்க்கில் அப்படியே ஏற்றத் தயாராக இருக்கும் விண்டோஸின் முழு நகல்) தவறுதலாக அங்கிருந்த எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் அனுப்பப்பட்டது. லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் என்ற பாகுபாடே இல்லாமல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற ஆரம்பித்தது. விஷயம் தெரிந்து, அனுப்பிக்கொண்டிருந்த எஸ்சிசிஎம் (நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்கு சாஃப்ட்வேர் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் கருவி) சர்வரை நிறுத்தினார்கள், ஆனால் அதற்குள் அந்த சர்வரின் டிஸ்க்கே ஃபார்மேட் ஆகியிருந்தது. அனுப்பிய இமேஜில் கோளாறு எதுவும் இல்லை, யாருக்கு அனுப்புவது என்பதில்தான் கோளாறு.

சாஃப்ட்வேர் விநியோகத்தில் நாம் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வது பேக்கேஜ் செய்வதில்தான். கேள்வி கேட்காமல் தானாக இன்ஸ்டால் ஆக வைக்கும் சைலன்ட் ஸ்விட்ச் எது, ரீஸ்டார்ட் வேண்டுமா, பழைய வெர்ஷனை நீக்க வேண்டுமா என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, குரூப்பை மட்டும் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுகிறோம். ஆயிரம் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் யாரும் கையால் பெயர் பெயராகச் சேர்க்க முடியாது, அதனால் "இந்த நிபந்தனைக்குப் பொருந்துவதெல்லாம் தானாக இந்தக் குரூப்புக்கு வா" என்று ரூல் எழுதுகிறோம். அந்த ரூலை யார் கணக்குப் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள், எவ்வளவு பழைய தகவலை வைத்துப் போடுகிறார்கள் என்ற மூன்று கேள்விதான் இந்தக் கருவிகளை உண்மையில் வேறுபடுத்துகிறது. எந்த ரூல் மொழியில் வசதி அதிகம் என்பதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான். இந்தக் கண்ணோட்டத்தில் எஸ்சிசிஎம் கலெக்ஷன் (அதில் குரூப்புக்கு அதுதான் பெயர்), மைக்ரோசாஃப்டின் க்ளவுட் கருவிகளான என்ட்ராவின் டைனமிக் குரூப்பும் இன்ட்யூனின் ஃபில்டரும், ஹெச்சிஎல்லின் பிக்ஃபிக்ஸ் ஆட்டோமேட்டிக் குரூப் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எஸ்சிசிஎம்மிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம்மில் பலர் குரூப் என்ற எண்ணத்தையே அதில்தான் கற்றோம். இங்கே கணக்குப் போடுவது சர்வர். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் என்ன இருக்கிறது என்ற இன்வென்டரியை அனுப்பும், அது டேட்டாபேஸில் உட்காரும், கலெக்ஷனின் க்வெரி அந்த டேட்டாபேஸைக் கேட்கும். ஆக, கலெக்ஷன் கம்ப்யூட்டரைப் பார்ப்பதே இல்லை, கம்ப்யூட்டர் எப்போதோ எழுதிய கடிதத்தைத்தான் படிக்கிறது. அந்தக் கடிதம் எவ்வளவு பழசு? ஹார்ட்வேர் இன்வென்டரி அனுப்புவது, மாற்றாமல் விட்டால், 7 நாளுக்கு ஒருமுறை. கலெக்ஷன் முழுதாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மாற்றாமல் விட்டால் 7 நாளுக்கு ஒருமுறை. இரண்டும் சேர்ந்து மோசமாக அமைந்தால், இன்று ஒரு சாஃப்ட்வேரை நீக்கிய கம்ப்யூட்டர், அந்த சாஃப்ட்வேர் இருப்பவற்றின் குரூப்பில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் இருந்துகொண்டே இருக்கும்.

இதைச் சரிசெய்ய இன்க்ரிமென்டல் அப்டேட் இருக்கிறது, 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாறியதை மட்டும் பார்க்கும். அதனால் எல்லோரும் எல்லா கலெக்ஷனிலும் அந்த டிக்கைப் போட்டுவிடுகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன். 200 கலெக்ஷனுக்கு மேல் அதைப் போடாதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது சும்மா இல்லை. கணக்குகள் வரிசையில் காத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தால், உடனே சேர வேண்டிய அவசரக் குரூப்பும் அதே வரிசையில்தான் நிற்கும். அதோடு, இன்வென்டரி வரும் இடைவெளியை மாற்றாத வரைக்கும் அந்த 5 நிமிடக் கணக்கும் பழைய கடிதத்தைத்தான் படிக்கும்.

இதைவிடப் பெரிய பள்ளம் "இல்லை" என்ற நிபந்தனையில் இருக்கிறது. "இந்த சாஃப்ட்வேர் இல்லாத கம்ப்யூட்டர்கள்" என்று ஒரு குரூப் போடுகிறீர்கள். இதுவரை இன்வென்டரியே அனுப்பாத கம்ப்யூட்டர், சர்வரோடு பேசும் க்ளையன்ட் சாஃப்ட்வேர் கெட்டுப்போய் மாதக்கணக்கில் பேசாத கம்ப்யூட்டர், நேற்று புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் எல்லாமே "இல்லை" பக்கம்தான் வந்து விழும், ஏனென்றால் டேட்டாபேஸைப் பொறுத்தவரை இருப்பதாகத் தகவல் இல்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றே. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆன்டிவைரஸ் மாற்றும்போது "பழையது இல்லாதவற்றுக்குப் புதியதைப் போடு" என்று ரூல் எழுதினோம். இன்வென்டரி வராத முப்பது நாற்பது கம்ப்யூட்டரில் பழையது பத்திரமாக இருந்தது, அதன் மேலேயே புதியதும் ஏறியது. இரண்டு ஆன்டிவைரஸும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு ஒவ்வொரு ஃபைலையும் பிடித்து வைக்க, அக்கவுன்ட்ஸ் பிரிவில் மாதக் கடைசி நாளன்று எக்செல் திறக்கவே பல நிமிடம் ஆனது. அன்றிலிருந்து "இல்லை" என்று எழுதும் எந்த ரூலிலும் "கடைசி இன்வென்டரி 14 நாளுக்குள் வந்திருக்க வேண்டும்" என்பதையும் சேர்க்காமல் நான் விடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, இது சத்தமில்லாமல் ஏமாற்றும். "இல்லாதவை" குரூப்பை இன்ஸ்டால் செய்வதற்கான இலக்காக வைத்தால், சாஃப்ட்வேர் ஏறிய கம்ப்யூட்டர் குரூப்பை விட்டு வெளியே போய்விடும். அப்போது ரிப்போர்ட்டில் யார் மிச்சம்? தோற்றவர்கள் மட்டும். மேலதிகாரி பார்க்கும்போது வெற்றி விகிதம் பாதாளத்தில் கிடக்கும், நீங்கள் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரையும் இலக்காக வைத்துவிட்டு, ஏற்கனவே இருக்கிறதா என்பதை அப்ளிகேஷனின் டிடெக்ஷன் ரூல் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளும்படி விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 2012 வெர்ஷனிலிருந்தே அந்த வசதி எஸ்சிசிஎம்மில் இருக்கிறது.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு விஷயத்தில் எஸ்சிசிஎம்மை மிஞ்ச ஆளில்லை. லிமிட்டிங் கலெக்ஷன். நாமே போடும் எந்த கலெக்ஷனும் இன்னொரு கலெக்ஷனுக்கு உள்ளேதான் இருக்க முடியும், ரூல் எவ்வளவு தப்பாக எழுதினாலும் அந்த வேலியைத் தாண்டாது. "சர்வர் தவிர்த்த கம்ப்யூட்டர்கள்" என்று ஒரு வேலியைப் போட்டு, மற்ற எல்லா கலெக்ஷனையும் அதற்குள் கட்டிவிட்டால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். அனுப்புவதற்கு முன்னாலேயே குரூப்பில் எத்தனை பேர் என்ற எண்ணும் கண்ணெதிரே தெரியும். 40 வர வேண்டிய இடத்தில் 4,000 என்று நின்றால் கை தானாக நின்றுவிடும்.

அடுத்தது என்ட்ரா டைனமிக் குரூப், 2023 வரை அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி என்று இருந்ததன் புதுப் பெயர். இங்கே கணக்குப் போடுவது டைரக்டரி (நிறுவனத்தின் ஆட்கள், கம்ப்யூட்டர்களின் பதிவேடு), அதற்கு ஒரு கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது மிகக் கொஞ்சம். பெயர், மாடல், தயாரித்த நிறுவனம், ஓஎஸ் வெர்ஷன், கம்பெனியுடையதா சொந்தமா, நிர்வாகத்தில் பதியும்போது எந்த என்ரோல்மென்ட் ப்ரொஃபைல் வழியாக வந்தது, இப்படிச் சில. எந்த சாஃப்ட்வேர் இருக்கிறது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றெல்லாம் கேட்க முடியாது. எஸ்சிசிஎம்மிலிருந்து வருபவர்கள் முதல் வாரம் இதில்தான் முட்டிக்கொள்வார்கள், அப்புறம் வேறு வழியில்லாமல் எல்லா அறிவையும் கம்ப்யூட்டர் பெயருக்குள் திணிக்க ஆரம்பிப்பார்கள், ஊர் குறியீடு, பிரிவு குறியீடு, லேப்டாப்புக்கு ஓர் எழுத்து என்று. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பெயர் வைப்பது மனிதர்கள், ஓர் எழுத்து மாறினால் அந்தக் கம்ப்யூட்டர் எந்தக் குரூப்பிலும் சேராது, சேரவில்லை என்று யாரும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். ஆட்டோபைலட்டில் (புது விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தானாகத் தயார்செய்யும் மைக்ரோசாஃப்ட் சேவை) பதியும்போதே போடும் குரூப் டேகை வைத்துப் பிரிப்பது இதைவிட எவ்வளவோ நம்பகமானது.

நேரம் விஷயத்திலும் இது உறுதி தராது. சில நிமிடத்தில் முடியும் நாளும் உண்டு, ஆனால் ரூலை மாற்றினால் குரூப் நிரம்ப 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. புது ஊழியர் காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருக்க, குரூப் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு எந்த சாஃப்ட்வேரும் வராது. இதற்கு மருந்துதான் இன்ட்யூன் ஃபில்டர். "எல்லாக் கம்ப்யூட்டர்களும்" என்ற குரூப்புக்கு அசைன் செய்துவிட்டு, மேலே ஒரு ஃபில்டரை மாட்டினால், கம்ப்யூட்டர் வந்து பேசும் அந்த நொடியில் பொருந்துகிறதா என்று பார்த்துவிடும், டைரக்டரியின் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு டெனன்டில் (ஒரு நிறுவனத்தின் கணக்கில்) 200 ஃபில்டர் வரை வைக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு அது தாராளம். ஃபில்டருக்கும் உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் வின்32 ஆப் (வழக்கமான விண்டோஸ் சாஃப்ட்வேர்) என்றால், இன்ஸ்டாலுக்கு முன் பார்க்கும் ரிக்வயர்மென்ட் ரூலில் ஒரு பவர்ஷெல் ஸ்க்ரிப்டை வைத்து, கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு, நமக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரிடமே கேட்பது என்ற இந்த எண்ணத்தை பிக்ஃபிக்ஸ் முழுதாகக் கொண்டுபோகிறது. 1997இல் தொடங்கிய கம்பெனி, 2010இல் ஐபிஎம் வாங்கியது, 2019இல் ஹெச்சிஎல் கைக்கு வந்தது. அதில் ஆட்டோமேட்டிக் குரூப்பின் ரூல் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போகும், அங்கே இருக்கும் ஏஜென்ட் "நான் இந்தக் குரூப்பில் உண்டா" என்று தன்னைத்தானே பார்த்து முடிவு செய்து, பதிலை மட்டும் சர்வருக்குச் சொல்லும். கடிதம் என்ற பேச்சே இல்லை. அந்தக் கணத்தில் ரெஜிஸ்ட்ரியில் என்ன இருக்கிறது, எந்த சர்வீஸ் ஓடுகிறது என்பதையே கேட்கிறது. நான் மேலே சொன்ன ஆன்டிவைரஸ் கதை இங்கே நடந்திருக்காது. இதற்காக ஏஜென்ட் சிபியுவைத் தின்றுவிடுமோ என்று பயப்படுவார்கள், மாற்றாமல் விட்டால் 2 சதவீதத்துக்குள் அது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

ஆனால் ரெலவன்ஸ் என்ற அதன் மொழி லேசில் வசப்படாது. படித்தால் ஆங்கில வாக்கியம் மாதிரி இருக்கும், எழுத உட்கார்ந்தால் தடுமாறும், மோசமாக எழுதிய ஒரு வரி எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏஜென்டின் சுற்றை மெதுவாக்கிவிடும். டீமில் அதை உண்மையிலேயே கற்றவர் ஒருவர்தான் என்றால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அந்த ரூல்களைத் தொட எல்லோரும் பயப்படுவார்கள். அணைத்து வைத்திருக்கும் லேப்டாப் விஷயத்திலும் கவனம் வேண்டும்: திரையில் தெரிவது அது கடைசியாகச் சொன்ன பதில், திறந்ததும் வேறு பதில் சொல்லலாம். அனுப்புவதற்கு முன் துல்லியமாக எத்தனை பேர் என்ற எண்ணிக்கை எஸ்சிசிஎம் தரும் அளவுக்கு இங்கே கையில் நிற்காது.

விண்டோஸ் நெட்வொர்க்கில் அமைப்புகளைப் பரப்பும் குரூப் பாலிசியில், கம்ப்யூட்டரின் விவரங்களைக் கேட்டுப் பார்க்கும் டபிள்யூஎம்ஐ ஃபில்டரும் இதே குடும்பம்தான், கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது, காசும் கிடையாது. ஆனால் அதில் விண்டோஸ் வெர்ஷன் எண் ஓர் எழுத்துச் சரம், "6.2க்கு மேல்" என்று எழுதினால் 10.0 பொருந்தாது, ஏனென்றால் எழுத்து வரிசையில் 1 என்பது 6க்கு முன்னால். "10.0" என்று மட்டும் எழுதினால் விண்டோஸ் 10, 11, சர்வர் 2016 எல்லாம் ஒன்றாக உள்ளே வரும், ப்ராடக்ட் டைப்பையும் கேட்டால்தான் சர்வரைப் பிரிக்கலாம். சிறிய ஆபீஸுக்கு, சென்னையிலிருந்து வரும் ஜோஹோவின் எண்ட்பாயின்ட் சென்ட்ரல் போதும் என்பது என் கருத்து, க்வெரி மொழி எதுவும் படிக்காமல் நிபந்தனைகளைத் தேர்ந்தெடுத்தே டைனமிக் குரூப் போடலாம். மேக் மட்டும் என்றால் ஜாம்ஃபின் ஸ்மார்ட் குரூப், அதுவும் இன்வென்டரி வந்தால்தான் புதுப்பிக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சரி, நான் எதை எடுப்பேன்? இரண்டையும் கலப்பேன். வெளி வேலியைச் சர்வர் பக்கம் போடுவேன், யாரைத் தொடவே கூடாது என்பதை அங்கே முடிவு செய்வேன். உள்ளே இந்தக் கம்ப்யூட்டருக்கு இது வேண்டுமா என்ற கடைசிக் கேள்வியைக் கம்ப்யூட்டரிடமே விடுவேன். எஸ்சிசிஎம் இருக்கும் இடத்தில் லிமிட்டிங் கலெக்ஷனும் டிடெக்ஷன் ரூலும், இன்ட்யூன் இருக்கும் இடத்தில் ஃபில்டரும் ரிக்வயர்மென்ட் ஸ்க்ரிப்டும். புதிதாக வாங்கப் போகிறீர்கள், ஆயிரக்கணக்கில் பல ஓஎஸ்கள் கலந்து கிடக்கின்றன, ரெலவன்ஸ் கற்க இரண்டு பேராவது தயார் என்றால் பிக்ஃபிக்ஸ்.

படிப்படியாக அனுப்புவதற்கான குரூப்களை மட்டும் எந்தக் கருவியிலும் ஒரே மாதிரிதான் போடுவேன். ஐடி பிரிவை முதல் குரூப்பாக வைப்பது வழக்கம், ஆனால் ஐடி பிரிவின் கம்ப்யூட்டரில் அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரோ பார்கோட் பிரின்டரோ இருக்காது, அங்கே ஓடியது எதையும் நிரூபிக்காது. கம்ப்யூட்டரின் தனி அடையாள எண்ணில் கடைசி எழுத்து 0 முதல் 9, அப்புறம் ஏ முதல் எஃப் என்று 16 வகையில் ஒன்றாக இருக்கும். அதை வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் ஏறக்குறைய 6 சதவீதம், எல்லாப் பிரிவிலிருந்தும் கலந்து வருவார்கள், புதுக் கம்ப்யூட்டர் வந்தாலும் தானாக ஒன்றில் சேர்ந்துவிடும்.

இந்தப் படிகளுக்கு எல்லாச் சாஃப்ட்வேரும் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பதும் நம் வேலைதான். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு சாஃப்ட்வேரின் அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. அதன் சென்சாரை (கம்ப்யூட்டரில் ஓடும் பகுதி) ஒரு வெர்ஷன் பின்னால் வைத்து, குரூப் குரூப்பாகப் பிரித்து வைத்திருந்தவர்களும் மாட்டினார்கள், ஏனென்றால் அந்த அமைப்பு சென்சார் வெர்ஷனுக்கு மட்டும்தான், அன்று வந்த கன்டென்ட் ஃபைல் அதைக் கேட்காமலே எல்லோருக்கும் போனது.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் குரூப்களில் "இல்லை" என்ற நிபந்தனை இருப்பதை எல்லாம் தனியாக எடுத்து, அதில் கடந்த 30 நாளாக இன்வென்டரி அனுப்பாத கம்ப்யூட்டர் எத்தனை என்று எண்ணுங்கள். முதல் தடவை எண்ணியபோது எங்களுக்கு ஒரு குரூப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது.