போஸ்டரா, மேடையா, முழுக் கட்டுரையா: ஊட்டச்சத்து மாநாட்டு மாணவர் பரிசுகளில் எதற்குப் போட்டியிடுவது?

ஊட்டச்சத்து மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புகிறவர்கள் தலைப்பு, இணை ஆசிரியர்கள், துறை முகவரி என்று எல்லாவற்றையும் நிரப்பிக் களைத்துக் கடைசிப் பக்கத்துக்கு வரும்போதுதான் அந்தக் கட்டங்கள் கண்ணில் படும். மாணவர் போஸ்டர் போட்டியில் சேர்த்துக்கொள்ளலாமா? இளம் ஆய்வாளர் பரிசுக்கு? பயண உதவிக்கு? பலர் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டுச் சமர்ப்பித்துவிடுகிறார்கள். சிலர் "நமக்கெங்கே கிடைக்கப்போகிறது" என்று எல்லாவற்றையும் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

இரு தரப்புக்குமே இந்தப் பரிசுகள் எல்லாம் ஒரே பரிசின் சின்ன அளவு, பெரிய அளவு என்ற நினைப்பு. உண்மையில் இவை கேட்கிற உழைப்பு வேறு, அளக்கிற திறமை வேறு, கடைசியில் கையில் தருவதும் வேறு. ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கு ஏற்ற பரிசைத் தேர்ந்தெடுத்தால் தோற்றாலும் லாபம். பொருந்தாத பரிசைத் துரத்தினால் ஜெயித்தாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

போஸ்டர் போட்டி

அமெரிக்க ஊட்டச்சத்துச் சங்கத்தின் ஆண்டு மாநாடு நெடுங்காலம் பல உயிரியல் சங்கங்கள் சேர்ந்து நடத்திய 'எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி' என்ற பெருங்கூட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 2018-இல் பாஸ்டனில் அது தனி மாநாடாக நடந்தது. அங்கே மாணவர்களும் முனைவர் பட்டம் முடித்து ஆய்வைத் தொடரும் மேலாய்வாளர்களும் கலந்துகொள்ளும் 'எமர்ஜிங் லீடர்ஸ்' போஸ்டர் போட்டி பெயர் பெற்றது. முறை எளிது. முதலில் சுருக்கங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள், மேலே வந்தவர்கள் போஸ்டரோடு நிற்பார்கள், நடுவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள்.

சுருக்கம் உங்களை உள்ளே கொண்டுவரும், அவ்வளவுதான். அதற்கப்புறம் எல்லாம் அந்தச் சில நிமிடப் பேச்சு. ஊட்டச்சத்து ஆய்வில் நடுவர் கேட்கப்போகும் முதல் கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: "எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை எப்படி அளந்தீர்கள்?" 24 மணி நேர நினைவுகூரலா (முந்தைய நாள் உண்டதைக் கேட்டறிவது), எந்த உணவை எத்தனை முறை உண்பார்கள் என்று கேட்கும் வினாப்பட்டியலா, எடைபோட்ட பதிவேடா, ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்த்த குறியீடா? உடல் செலவிடும் ஆற்றலை இரட்டைக் குறியிட்ட நீரால் (ஐசோடோப்புகளால் அடையாளமிட்ட நீரைக் குடிக்கவைத்து) அளக்கும் முறை 1982 முதல் மனிதர்களிடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, நாம் உண்டதை நாமே குறைத்துச் சொல்கிறோம் என்பது திரும்பத் திரும்ப உறுதியாகிவிட்டது. உடல் எடை கூடுதலாக உள்ளவர்களிடம் இந்தக் குறைப்பு இன்னும் அதிகம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "எங்கள் தரவிலும் இந்தச் சாய்வு இருக்கும், அது முடிவை இந்தப் பக்கம் இழுத்திருக்கும்" என்று சொல்லத் தெரிந்த மாணவர், வண்ண வரைபடங்களோடு நிற்பவரை எளிதாகத் தாண்டிவிடுவார். உணவு சார்ந்த மக்கள்தொகை ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று 2016-இல் வெளியான 'ஸ்ட்ரோப்-நட்' வழிகாட்டியை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் நடுவர்களின் பாதிக் கேள்விகள் அதிலேயே இருக்கும்.

போஸ்டர் வடிவமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் மைக் மாரிசன் என்ற ஆய்வு மாணவர் முன்வைத்த வடிவம், அதாவது நடுவில் ஒரே ஒரு முடிவைப் பெரிய எழுத்தில் போட்டு மற்றதை ஓரத்துக்குத் தள்ளுவது, இப்போது பல மாநாடுகளில் தென்படுகிறது. நடந்து போகிறவரை நிறுத்த அது நல்ல உத்தி. ஆனால் நடுவர் நடந்து போகிறவர் இல்லை, மதிப்பெண் தாளோடு வந்து நிற்கிறவர். முறையியலை ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டால் அவர் குனிந்துதான் படிக்க வேண்டும். போட்டிக்கான போஸ்டரில் மாரிசன் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

இந்தப் போட்டியின் அசல் பலன் சான்றிதழில் இல்லை. நம் துறையின் மூத்தவர்கள் வரிசையாக வந்து நம் ஆய்வின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போகிறார்கள். கட்டுரை எழுதும் முன் கிடைக்கும் இலவச மதிப்பாய்வு அது. 2020 முதல் 2022 வரை அந்த மாநாடு இணையவழியில் நடந்தபோது பரிசுகள் இருந்தாலும் இந்த உரையாடல்தான் மெலிந்துபோனது.

பெரிய போட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொரு வாய்ப்பைப் பலர் கவனிப்பதில்லை. சங்கத்தின் ஆர்வக் குழுக்கள் (தாய்சேய் நலம், வைட்டமின்கள் - கனிமங்கள், உணவு நடத்தை என்று பிரிந்திருப்பவை) தங்களுக்கென்று தனியாகச் சிறிய மாணவர் போட்டிகள் நடத்துவதுண்டு. போட்டியாளர்கள் குறைவு, நடுவர்களோ உங்கள் தலைப்பிலேயே ஊறியவர்கள். பொதுப் போட்டியில் துத்தநாக உறிஞ்சுதல் பற்றிய நுட்பமான சோதனையை ஒரு நடத்தை அறிவியலாளர் மதிப்பிட நேரலாம். குழுப் போட்டியில் அந்த ஆபத்து குறைவு. முதல்முறை மாநாட்டுக்குப் போகும் முதுநிலை மாணவருக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், குழுப் போட்டியைத்தான் சொல்வேன்.

மேடைப் போட்டி

மேடையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பிறகு கேள்வி. கதை சொல்லும் திறனுக்கு இங்கே மதிப்பு கூடுதல். 2008-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டிக்குப் பழகியவர்களுக்கு மேடை கைவரும். ஆனால் அது பொது மக்களுக்கான பேச்சு. மாநாட்டு நடுவர்களுக்கு முன்னால் நம்பக இடைவெளி (உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கணிப்பு) எங்கே, இடையில் விலகியவர்கள் எத்தனை பேர், யாரைக் கணக்கில் சேர்த்தீர்கள் என்ற கேள்விகள் வரும்.

மேடைக்குத் தேர்வானால் ஆய்வு கட்டுரையாக வெளிவரும் வாய்ப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாநாட்டுச் சுருக்கங்கள் எத்தனை முழுக் கட்டுரையாகின்றன என்று அலசிய 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வு, சுமார் 37 சதவீதமே அப்படி ஆகின்றன என்றது. போஸ்டர்களைவிட மேடை உரைகள் கூடுதலாக வெளியாகின்றன என்பதும் அதில் உண்டு. இதைப் பார்த்துவிட்டு மேடைக்கு ஏறினால் கட்டுரை வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. ஏற்கெனவே முதிர்ந்த ஆய்வுகள்தான் மேடைக்குத் தேர்வாகின்றன. அவை எப்படியும் வெளியாகியிருக்கும்.

அதே தொகுப்பாய்வு, நேர்மறை முடிவு காட்டிய ஆய்வுகளே அதிகம் வெளியாகின்றன என்றும் காட்டியது. மாணவர் பரிசுகளிலும் இந்தச் சாய்வு புகுந்துவிடுகிறது. "இந்தச் சத்து மாத்திரையால் எந்த மாற்றமும் இல்லை" என்ற முடிவோடு மேடைப் போட்டிக்குப் போவது துணிச்சலான காரியம். எடுபடும் வாய்ப்பு குறைவு. போஸ்டருக்கு முன்னால் நேருக்கு நேர் நின்று, மாதிரி அளவும் புள்ளியியல் வலுவும் போதுமானதாக இருந்தன, ஆகவே இந்த 'இல்லை' நம்பத் தகுந்தது என்று விளக்க நேரம் கிடைக்கும். எதிர்மறை முடிவு கையில் இருப்பவர்கள் போஸ்டர் பக்கம் போவதே நல்லது.

முழுக் கட்டுரைப் பரிசு

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ரத்தநாளவழி, குழாய்வழி ஊட்டத்துக்கான அமெரிக்கச் சங்கமான 'ஆஸ்பென்' இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் ஹாரி வார்ஸ் பரிசு. பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் ரத்தநாளம் வழியே மட்டும் ஊட்டம் செலுத்தி ஓர் உயிரை வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு பீகிள் நாய்க்குட்டிகளை வைத்து விடை கண்டார்கள். ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர், ஹாரி வார்ஸ், ஜோனதன் ரோட்ஸ் ஆகிய நால்வர் 1968-இல் வெளியிட்ட கட்டுரை, முழுமையான ரத்தநாளவழி ஊட்டத்துக்கு அடிப்படையானது. டட்ரிக் அந்த வேலையைத் தொடங்கியபோது அறுவைசிகிச்சைப் பயிற்சியில் இருந்தவர். வார்ஸ் ஆய்வகத்து உயிர்வேதியியலாளர். பயிற்சியில் இருக்கிறவர்களின் வேலையைக் கௌரவிக்கும் பரிசுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பரிசுக்குச் சுருக்கம் மட்டும் போதாது. மாநாட்டில் உரையாற்றுவதோடு, முழுக் கட்டுரையைச் சங்கத்தின் இதழான 'ஜேபென்'னுக்கு அனுப்பவும் வேண்டும். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். சாதாரணமாக மாநாட்டுச் சுருக்கமோ போஸ்டரோ பிறகு கட்டுரை வெளியிடத் தடையாகாது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு அதை இரட்டைப் பதிப்பாகக் கருதுவதில்லை. எந்த இதழுக்கு அனுப்புவது என்ற சுதந்திரம் உங்களிடமே இருக்கும். முழுக் கட்டுரைப் பரிசில் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறீர்கள். வழிகாட்டிப் பேராசிரியர் வேறொரு இதழை மனதில் வைத்திருந்தால், பிறகு சங்கடம். கட்டத்தில் டிக் அடிக்கும் முன் எல்லா இணை ஆசிரியர்களிடமும் பேசிவிட வேண்டிய பரிசு இது ஒன்றுதான்.

பகுப்பாய்வு முடிந்து, கட்டுரையின் வரைவும் ஓரளவு தயாராக இருக்கும் முனைவர் பட்ட மாணவருக்கு இதற்கு இணையான பரிசு இல்லை என்பேன். கெடு தேதியே கட்டுரையை எழுதி முடிக்க வைத்துவிடும். தரவு இன்னும் வந்துகொண்டிருக்கிற நிலையில் இருப்பவர் பக்கம் கூடத் தலைகாட்ட வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு வகையும் உண்டு: ஒரு ஆய்வுக்காக அல்லாமல், சில ஆண்டு உழைப்பு மொத்தத்துக்கும் தரப்படுவது. 1941-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் நியூட்ரிஷன் சொசைட்டி தரும் ஜூலி வாலஸ் விருது அந்த வகை. இப்படிப்பட்ட விருதுகளின் விளக்கத்தில் 'இளம்' என்று எங்காவது வரும், ஆனால் படிப்பை முடிக்காத மாணவருக்கு அது எட்டாது.

பயண உதவி

பட்டியலில் கடைசியில் வருவதால் இதைச் சிறியதாக நினைப்பவர்கள் அதிகம். சர்வதேச ஊட்டச்சத்து அறிவியல் ஒன்றியத்தின் உலக மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. 2021-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022-இல் டோக்கியோவில் நடந்தது, அடுத்தது 2025-இல் பாரிஸில். ஒருவரின் முனைவர் பட்டக் காலத்தில் அது ஒரே ஒரு முறைதான் வரும். அந்த ஒரு முறை அங்கே போக முடிவதுதான் பெரிது. போட்டியில் இரண்டாம் பரிசா மூன்றாம் பரிசா என்பது அதற்கு அடுத்தது.

பார்க்க வேண்டிய நுணுக்கங்கள் சில. பணம் முன்கூட்டியே வருமா, செலவு செய்து ரசீது காட்டிய பிறகு வருமா? பின்னது என்றால், கையில் பணம் இல்லாத மாணவருக்குத்தான் உதவி தேவை என்ற அடிப்படையையே அது குலைத்துவிடுகிறது. அறிவிப்புத் தேதிக்கும் மாநாட்டுக்கும் இடையில் விசா எடுக்கப் போதிய நாள் இருக்கிறதா? பதிவுக் கட்டணம் அதில் அடங்குமா?

பயிற்சியில் இருக்கும் உணவியலாளர்களுக்கு

இவர்கள் நிலை தனி. ஆய்வகமோ பெரிய தரவுத்தொகுப்போ இவர்களிடம் இருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி ஊட்டம் எத்தனை மணி நேரம் தடைபடுகிறது என்ற தணிக்கை (நடைமுறையைச் சரிபார்க்கும் கணக்கெடுப்பு), ஒரு நோயாளி அறிக்கை, பணித்தர மேம்பாட்டுச் சிறு திட்டம் போன்றவைதான் கையில் இருக்கும். அமெரிக்க ஊட்டச்சத்துச் சங்க மாநாட்டில் அடிப்படை அறிவியலுக்கும் மக்கள்தொகை ஆய்வுகளுக்கும் நடுவில் இவை மங்கிப்போகும். ஆஸ்பெனும் ஐரோப்பாவின் 'எஸ்பென்'னும் மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த சங்கங்கள். அங்கே இதே தணிக்கைக்கு அதைப் புரிந்துகொள்ளும் நடுவர் கிடைப்பார். ஒன்று மட்டும்: தணிக்கை என்று தொடங்கியதை ஆய்வு என்று போட்டிக்கு அனுப்பும் முன், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோ விலக்குக் கடிதமோ கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பரிசுச் சுற்றில் அதைக் கேட்பார்கள்.

தகுதி விதிகளில் மற்றவற்றை வேகமாகப் படித்தாலும் ஒன்றை நிதானமாகப் படிக்க வேண்டும்: 'மாணவர்' என்பது எந்தத் தேதியில்? சுருக்கம் அனுப்பும் நாளிலா, மாநாட்டு நாளிலா? இடையில் வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் வாங்கிவிட்டால் மாணவர் பரிசிலிருந்து நீக்கப்படலாம், அல்லது மேலாய்வாளர் பிரிவுக்கு நகர்த்தப்படலாம். அங்கே போட்டி கடுமை.

யாருடைய பெயரில்?

ஊட்டச்சத்துத் துறையில் மட்டும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. உணவு, பான நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் பரிசுகள் இந்தத் துறையில் புதிதில்லை. கோகோ கோலாவின் நிதியில் இயங்கிய 'குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க்' என்ற அமைப்பு, உடல் பருமனுக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவையே பெரிதாக முன்னிறுத்துகிறது என்ற விமர்சனம் 2015-இல் வெடித்து, அந்த ஆண்டிலேயே கலைக்கப்பட்டது. அதில் இருந்த பேராசிரியர்களின் பெயர் பல காலம் அந்தச் செய்தியோடு சேர்த்தே பேசப்பட்டது.

மாணவர் பரிசை இதோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்வார்கள். தொகை சிறியது, நடுவர்களைச் சங்கம்தான் நியமிக்கிறது, நிறுவனம் தலையிடுவதில்லை என்பதெல்லாம் பெரும்பாலும் உண்மை. நிறுவனப் பெயர் தாங்கிய எல்லாப் பரிசையும் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை பானங்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர் பான நிறுவனத்தின் பரிசை வாங்குவதும், எலும்பு அடர்த்தி ஆய்வாளர் அதை வாங்குவதும் ஒன்றல்ல. உங்கள் தலைப்பும் நிதியாளரின் வியாபாரமும் உரசினால், அதே மாநாட்டில் சங்கத்தின் சொந்த நிதியிலோ அறக்கட்டளையிலோ வரும் இன்னொரு பரிசைத் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். உரசாவிட்டாலும் நிதி எங்கிருந்து வருகிறது என்று சங்கத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கட்டுரை வெளியிடும்போது நிரப்பும் நலன் முரண் படிவம், கடந்த 36 மாதங்களில் மாநாட்டுக்கோ பயணத்துக்கோ யாராவது உதவினார்களா என்று பெயரோடு கேட்கும்.