ஒத்துவாக்கிய வேதாகமம்: நடுப்பத்தியை நம்பி வாங்கலாமா?

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இது பையில் போட்டுக்கொண்டு போகிற சின்ன வேதாகமம் அல்ல. மேஜையில் விரித்து வைத்துப் படிக்கிற கனமான ஒத்துவாக்கியப் பதிப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகளுக்கு நடுவே ஒல்லியாக இன்னொரு பத்தி ஓடும். ஒரு வசனத்தோடு சம்பந்தப்பட்ட மற்ற வசனங்கள் எங்கே இருக்கின்றன என்று அதில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் வேளைக்கேற்ற வசனங்களின் பட்டியல், பின்னால் சொல்லடைவு (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்ற பட்டியல்), சில வரைபடங்கள், சுற்றி ஜிப் வைத்த உறை.

தாள், தையல், உறை பற்றியெல்லாம் கடைசியில் நாலு வரி எழுதுகிறேன். நான் இதை அதிகமாகப் புரட்டியது ஒரே ஒரு காரணத்துக்காக. என்னை வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒருவரைப் பழிவாங்கத் தோன்றியது. கையில் அதற்கான சரக்கும் இருந்தது. ஒரு கிறிஸ்தவன் அந்த நிலையில் என்ன செய்யவேண்டும் என்று யாரையும் கேட்காமல், நடுப்பத்தியைப் பிடித்துக்கொண்டே போனேன். அந்த வேலைக்கு இந்தப் பதிப்பு எவ்வளவு தூரம் உதவியது என்பதுதான் இந்த விமர்சனம்.

பின்னணி இதுதான். சபையில் பல வருடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசித்தபோது, இனிமேல் கணக்கை வேறொருவர் பார்ப்பார் என்றார்கள். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை, காரணமும் சொல்லவில்லை. காரணம் சொல்லாவிட்டால் ஜனங்கள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். கணக்கு எழுதினவனைப் பற்றி என்ன கண்டுபிடிப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர் என்னோடு முழங்கால் போட்டு ஜெபித்தவர். அவர் முன்பணம் வாங்கிவிட்டு ரசீது கொடுக்காத சில சீட்டுகளின் படம் என் போனில் இருந்தது. சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் கதை முடிந்திருக்கும்.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

எல்லாரும் தொடங்குகிற இடத்திலேயே நானும் தொடங்கினேன்: ரோமர் 12:19. "பழிவாங்குதல் எனக்குரியது" என்று கர்த்தர் சொன்னதைப் பவுல் எடுத்துக்காட்டுகிற வசனம். நடுப்பத்தி உபாகமம் 32:35க்கும் லேவியராகமம் 19:18க்கும் அனுப்புகிறது. அடுத்த வசனத்தில், பசியாயிருக்கிற சத்துருவுக்குப் போஜனம் கொடுக்கச் சொல்வது நீதிமொழிகள் 25:21, 22இல் இருந்து வந்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. இதுவரை எந்தச் செயலியும் செய்கிற வேலைதான். ஆனால் செயலியில் தட்டினால் லேவியராகமம் 19:18 மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் வந்து நிற்கும். தாளில் புரட்டினால் அதற்கு நேர் மேலே இருக்கிற 17ஆம் வசனமும் கண்ணில் படும். சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள் என்கிறது அது. அதற்கு அடுத்தபடிதான் பழிக்குப் பழி வாங்காதே என்பதும், பிறனில் அன்புகூரு என்பதும் வருகிறது. அன்பைப் பற்றிய பிரசங்கங்களில் 18ஐ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 17ஐச் சேர்த்து வாசித்தவர் ஒருவரும் எனக்கு நினைவில் இல்லை.

இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சபையில் ஒருவன் புண்பட்டால் அவனுக்குக் கிடைக்கிற முதல் ஆலோசனை, "விடுங்க பிரதர், ஜெபம் பண்ணிட்டு மறந்துருங்க" என்பதுதான். பழிவாங்காமல் இருப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒன்று என்று எப்படியோ ஆகிவிட்டது. மறு கன்னத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற மத்தேயு 5:39க்கு நடுப்பத்தியில் நல்ல கூட்டமே இருக்கிறது. யோவான் 18:23 மட்டும் அதில் இல்லை. பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிற இடம் அது. அவர் திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை: நான் பேசினது தவறென்றால் எது தவறு என்று காட்டு, சரியென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். கன்னத்தைப் பற்றிச் சொன்னவருடைய கன்னத்திலேயே அடி விழுந்த இடத்தை அந்த வசனத்தோடு சேர்க்காமல் விட்டது பெரிய குறை.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சீட்டுகளின் படத்தைக் குழுவில் போடவில்லை. மூலச் சீட்டுகளைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கமிட்டியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். (கையெழுத்து வாங்கியது பரிசுத்தத்துக்குக் குறைவு என்று ஒரு மூத்த சகோதரர் வருத்தப்பட்டார். அவர் கணக்கு எழுதினவர் அல்ல.)

இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிரயோஜனமாக இருந்த இடத்துக்கும் நடுப்பத்திக்கும் சம்பந்தமே இல்லை. விரித்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் 1 சாமுவேல் 24, 25 அதிகாரங்கள் வருகின்றன. 26 ஒரு தாள் தள்ளி. 24இல் தாவீதைக் கொல்லத் தேடுகிற சவுல் ராஜா குகைக்குள் தனியாக அவனிடம் சிக்குகிறான். தாவீது அவனுடைய சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொள்கிறான், அதற்கே அவன் மனது அடித்துக்கொள்கிறது. 26இல் மறுபடியும் அதே வாய்ப்பு, மறுபடியும் கை வைக்கவில்லை. ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த கதைகள். நடுவில் இருக்கிற 25ஐ அவற்றோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. அங்கே நாபால் என்கிற பணக்காரனிடம் தாவீது சாப்பாட்டுக்குக் கேட்டு ஆள் அனுப்புகிறான். நாபால் கொடுக்காததோடு, "தாவீது என்பவன் யார்?" என்று கேட்டு, எஜமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர்களோடு அவனைச் சேர்த்துவிடுகிறான். அவ்வளவுதான். 400 பேர் பட்டயத்தைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள், பொழுது விடிவதற்குள் அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளையையும் மிச்சம் வைப்பதில்லை என்று.

தன்மேல் ஈட்டி எறிந்த சவுலையே விட்டுவிட்டவன், "நீ யார்?" என்று கேட்டவனை விடமுடியாமல் தவிக்கிறான். வேண்டாம் என்று தள்ளப்பட்டவர்களுக்கு இது உடனே புரியும். நேரடியாகச் சண்டைக்கு வருகிறவனை மன்னித்துவிடலாம். நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காதவன் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பான். அந்த 400 பேரை நிறுத்தியது தாவீதின் பொறுமை அல்ல. கழுதைமேல் அப்பமும் திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு வழியில் வந்து நின்ற நாபாலின் மனைவி அபிகாயில். வீணாக இரத்தம் சிந்தின துக்கம் பின்னாளில் உமக்கு இருக்கக்கூடாது என்று அவனிடம் பேசுகிறாள். தாவீதும், பழிவாங்க விடாமல் தன்னைத் தடுத்ததற்காக அவளை ஆசீர்வதிக்கிறான். எனக்கு அபிகாயில் என் மனைவி. "போடணும்னா காலையில போட்டுக்கலாம், இப்ப போனைக் குடுங்க" என்றாள். வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

24இன் கடைசி வசனத்தையும் கவனித்து வாசியுங்கள். சவுல் அழுகிறான், என்னைவிட நீ நீதிமான் என்கிறான், தாவீது அவனுக்கு ஆணையிட்டும் கொடுக்கிறான். பிறகு சவுல் வீட்டுக்குப் போகிறான். தாவீது தன் அரணான இடத்துக்குத்தான் போகிறான், அரண்மனைக்கு அல்ல. பழிவாங்க மாட்டேன் என்பதற்கும் பழையபடி உன்னோடு பந்தியில் உட்காருகிறேன் என்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கலாம் என்று அந்த வசனம் காட்டுகிறது. இதற்கு நடுப்பத்தியில் ஒன்றுமே கொடுக்கவில்லை. நானே பென்சிலால் 2 தீமோத்தேயு 4ஐ எழுதிவைத்திருக்கிறேன். அங்கே பவுல், கன்னானாகிய அலெக்சந்தர் தனக்குப் பொல்லாங்கு செய்தான் என்று பேர் சொல்லியே எழுதுகிறார். அவனுக்கான பதிலைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிறார், ஆனால் நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்று தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார். அடுத்த வசனத்தில், தன்னைக் கைவிட்டவர்கள்மேல் அந்தக் குற்றம் சுமராதிருக்கட்டும் என்கிறார். கொஞ்சம் மேலே 11ஆம் வசனத்தில், முன்பு பாதியில் விட்டுப்போன மாற்குவை அழைத்துக்கொண்டு வரச் சொல்கிறார். புண்படுத்தின எல்லாருக்கும் ஒரே மருந்து என்று அவர் நினைக்கவில்லை.

இப்போது பெரிய புகார். லூக்கா 9:51 முதல் 56 வரை. சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து அக்கினியை இறக்கிச் சுட்டெரிக்கட்டுமா என்று கேட்கிறார்கள். நடுப்பத்தி நம்மைச் சமர்த்தாக 2 இராஜாக்கள் 1க்கு அனுப்புகிறது, எலியா அக்கினியை இறக்கின இடத்துக்கு. அதாவது, சீஷர்கள் தங்கள் கோபத்துக்கு வசன ஆதாரத்தை எங்கே பிடித்தார்கள் என்று சொல்லிவிடுகிறது. இயேசு அவர்களை அதட்டிவிட்டு வேறொரு கிராமத்துக்குப் போகிறார். அதோடு நிறுத்திவிட்டார்கள். அப்போஸ்தலர் 8 எங்கே? சமாரியர் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு, எருசலேமிலிருந்து அனுப்பப்படுகிற இரண்டு பேரில் ஒருவர் இதே யோவான். அங்கே போய் அவர்கள்மேல் கை வைத்து ஜெபிக்கிறார். திரும்புகிற வழியில் சமாரியருடைய அநேக கிராமங்களில் சுவிசேஷம் அறிவிக்கிறார்கள். அன்று கேட்ட அக்கினி இறங்கியிருந்தால் அந்த ஒரு கிராமமாவது இந்தக் கணக்கில் வந்திருக்காது. ஒத்துவாக்கியம் என்று பெயர் வைத்த புத்தகம் இந்த இணைப்பைத் தவறவிடலாமா? ஒரே வார்த்தை இரண்டு இடத்தில் வந்தால் பிடித்துவிடுகிறார்கள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்தால் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பதிப்பு முழுக்க இருக்கிற பலவீனம் இது.

முன்பக்கத்துப் பட்டியலை அதிகம் நம்பவேண்டாம். மற்றவர்கள் கைவிடும்போது என்ற தலைப்பில் சங்கீதம் 27:10, எபிரெயர் 13:5 மாதிரி ஆறுதல் வசனங்கள் மட்டும். சங்கீதம் 55 இல்லை. நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், என்னோடு தேவாலயத்துக்கு ஒன்றாக நடந்துபோன தோழனாயிற்றே என்று தாவீது குமுறுகிற சங்கீதம் அது. அதற்கு அடுத்த வசனத்தில் அவர்கள்மேல் மரணத்தையே கேட்கிறான். அதனால்தான் பட்டியலில் சேர்க்கவில்லையோ என்னவோ. ஆனால் அந்தக் கோபத்தை அவன் கொட்டுவது கர்த்தரிடம், ஊராரிடம் அல்ல. அந்த நாட்களில் எனக்கு வேறெந்த வசனத்தையும்விட அதுதான் ஜெபிக்க வாயைக் கொடுத்தது. சொல்லடைவும் சுமார்தான்.

இனி தாள், அச்சு. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது. ஹைலைட்டர் ஊறிவிடும், பென்சில் தாங்குகிறது. தையல் உறுதி, எங்கே விரித்தாலும் தட்டையாக நிற்கிறது. நாடா ஒன்றே ஒன்று. இரண்டு இடத்தை ஒப்பிட்டுப் படிக்கிற புத்தகத்துக்கு இரண்டாவது இருக்கவேண்டும். நடுப்பத்தி எழுத்து நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் கஷ்டம், கண்ணாடி போட்டும் 3க்கும் 8க்கும் தடுமாறுகிறேன். ஜிப்பை வேகமாக இழுத்தால் ஓரத்துத் தாளைக் கடிக்கிறது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம், பெரிய எழுத்துப் பதிப்பு கிடைத்தால். கடையில் நிற்கும்போதே ரோமர் 12:19ஐத் திறந்து, நடுப்பத்தியில் உபாகமமும் லேவியராகமமும் இருக்கிறதா, அந்த எண்களை உங்கள் கண்ணால் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் லூக்கா 9:54க்கு வாருங்கள். அங்கே அப்போஸ்தலர் 8ஐக் கொடுத்திருக்கிற பதிப்பு ஏதாவது கண்ணில் பட்டால், இதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.